கறளை மறைக்காமல் ஒரு ஜீப்பை விற்பது

ஜீப்புக்குக் கீழே இருந்து வெளியே வந்த தரகர், முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, எஞ்சின் நல்லாயிருக்கு. உள்ளுக்கையும் துப்பரவா வச்சிருக்கிறியள். செசியிலதான் ஒட்டு வேலை தெரியுது. ஒண்டும் யோசியாதேங்கோ. சேர்விஸ் ஸ்ரேசனில குடுத்து கீழ முழுக்கத் தார் அடிச்சு விடுவம். ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம்."

விளம்பரம் போட்டவள் நான். அவரோடு தொலைபேசியில் பேசியவளும் நான்தான். ஆனாலும் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாகன விற்பனையில் இது வழமை என்பதைப் பிறகு வந்தவர்களிடமும் கண்டேன். அது வேறு கதை.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. தார் அடித்தால் 55 இலட்சம் கேட்கலாம். செசியில் வேலை செய்ததைச் சொல்லி விற்றால் 48 கிடைத்தாலே பெரிய விடயம். இரண்டுக்கும் இடையில் ஏழு இலட்சம் ரூபாய். சுயாதீன ஊடகவியலாளராக நான் அந்தத் தொகையைச் சேர்ப்பதற்கு எத்தனை மாதம் எழுதவேண்டும் என்று அன்றிரவு கணக்குப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் வெளிப்படுத்துங்கள் என்று மற்றவர்களைக் கேட்பதுதான் என் தொழில். என் வீட்டு முற்றத்தில் நின்ற பொருள் என்று வந்தபோது அந்தத் தார் வாளி அவ்வளவு கெட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஏழு இலட்சத்தைப் பற்றியது. பழைய ஜீப் ஒன்றை விற்க நினைப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும், குறிப்பாகக் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு, நாங்கள் பட்டறிந்தவை உதவக்கூடும்.

எங்களுடையது 1996ஆம் ஆண்டு தயாரிப்பான மிட்சுபிஷி பஜேரோ. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். அப்பா அதை 2011இல் கொழும்பில் ஒருவரிடம் வாங்கினார். பதினான்கு வருடங்கள் அவரே ஓட்டினார். கடந்த வருடம் குளுக்கோமா காரணமாக அவருக்குப் பக்கப் பார்வை குறைந்துவிட்டது. இனி ஓட்டவேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். அப்பா அன்று திறப்பைக் கொண்டுவந்து சாமி அறைத் தட்டில் வைத்தார், பிறகு எடுக்கவில்லை. நான் ஸ்கூட்டியில் திரிபவள். நிற்கும் வாகனம் ஓடும் வாகனத்தைவிட விரைவாகக் கெடும் என்பதால் விற்பது என்று முடிவெடுத்தோம்.

முதலில் செசி என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உடலும் அடிச்சட்டமும் ஒன்றுதான். பழைய ஜீப்கள் அப்படியல்ல. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் என்று ஏணி மாதிரி ஒரு அடிச்சட்டம் கீழே கிடக்கும். எஞ்சின், கியர்பெட்டி, அச்சுகள், சில்லுகள் எல்லாம் அந்த ஏணியில்தான் பூட்டப்பட்டிருக்கும். நாங்கள் உட்காரும் உடல் பகுதி, ரப்பர் தாங்கிகளின் மேல் தனியாக வைக்கப்பட்டிருக்கும். பஜேரோவில் 1999இல் வந்த மூன்றாம் தலைமுறையோடு இந்தத் தனிச் செசி போய்விட்டது. நிசான் பற்றோல், இசுசு ட்ரூப்பர், லான்ட் குறூசர் பிராடோ போன்றவையும் ஏணிச் செசி உள்ளவைதான்.

கதவில் கறள் பிடித்தால் வெட்டி ஒட்டலாம். கதவையே மாற்றலாம். செசி அப்படியல்ல. மற்ற எல்லாவற்றையும் தாங்குவது அது. பின் அச்சைப் பிடித்திருக்கும் இடத்தில் அது இற்றுப்போனால், ஏ9 வீதியில் எண்பது கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. வாங்கப்போகிறவர் பெரும்பாலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகிற ஒருவர்தான்.

உப்புக் காற்றும் உவர் நீரும்

அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஆனாலும் அவர் பிறந்த ஊர் வேலணை. காணி, கோயில், சொந்தக்காரர் என்று வாரத்தில் ஒருமுறையாவது பண்ணைத் தாம்போதியால் போய்வருவார். புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியும் அவருக்குப் பழக்கம். சோளகம் வீசும் மாதங்களில் அந்த வழியால் போனவர்களுக்குத் தெரியும், கடல் தண்ணீர் தூவானமாக வந்து கண்ணாடியில் படியும். கண்ணாடியில் படிவதை வைப்பர் துடைத்துவிடும். செசியில் படிவதைத் துடைப்பதற்கு ஒன்றுமில்லை.

இரும்பு, தண்ணீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள் வரும். உப்பு அதை விரைவுபடுத்துகிறது. உப்புக் கரைந்த நீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்துவது ஒரு காரணம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது இன்னொரு காரணம். மழை இல்லாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு ஈரமாகவே இருக்கும்.

செசியின் நீட்டுச் சட்டங்கள் உள்ளே வெறுமையான பெட்டி வடிவம் கொண்டவை. உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்காக அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். மணலும் சேறும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், உள்ளே உப்புச் சேறு மாதக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். அதனால்தான் செசி பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே இற்றுப்போகிறது. வெளியே பெயின்ற் பளபளக்கும்போதே உள்ளே தகடு மெலிந்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாகனத்தைக் கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உவர்க் கிணற்றுத் தண்ணீரை அடிக்கிறோம். தீவுப்பகுதியில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கீழ்ப்பக்கத்தைக் கழுவுவது, உப்பை உப்பால் கழுவுவதுதான். அப்பா இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தார். பிறகு நல்ல தண்ணீர் உள்ள எங்கள் கொக்குவில் வீட்டுக் கிணற்றில் மட்டும்தான் ஜீப் குளித்தது.

கடலைக் கண்டிராத வாகனத்துக்குக் கறள் வராது என்றும் நினைக்கவேண்டாம். ஜப்பானின் ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசங்களில் வீதியில் உறைபனியைக் கரைக்க உப்பு வகைகளைக் கொட்டுவார்கள். அங்கு ஓடிய வாகனம் இங்கு வந்து இறங்கும்போதே அடியில் கறளோடு வரலாம். ஜப்பானிய ஏல அறிக்கைகளில் எஸ் என்ற எழுத்து கறளையும், சி என்ற எழுத்து அதைவிட மோசமான அரிப்பையும் குறிக்கும். ஏல அறிக்கை கையில் இருந்தால் முதலில் இந்த எழுத்துகளைத் தேடுங்கள்.

பெரிய கம்பனிகளும் இதிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவில் டொயோட்டாவின் ரக்கோமா, ருண்ட்ரா, செக்கோயா வாகனங்களின் செசிகள் இற்றுப்போகின்றன என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2016இல் இணக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்கள் அதில் அடங்கின. பரிசோதனைக்கும் செசி மாற்றுவதற்குமான செலவு 340 கோடி டொலர் வரை போகலாம் என்று மதிப்பிடப்பட்டது. கம்பனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இற்ற செசிகளை மாற்றிக்கொடுக்க இணங்கியது. நமக்கு அப்படி யாரும் செசி மாற்றித் தரப்போவதில்லை. நம்மிடம் இருப்பது கம்பி பிரஷ்ஷும் வெல்டிங் காரரும்தான்.

எங்கள் ஜீப்பின் கறள் 2017இல் தெரியவந்தது. அதுவும் நேரடியாக அல்ல. பிறேக் மிதித்தால் கீழே போகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனார் அப்பா. பின்பக்கத்துக்குப் போகும் பிறேக் குழாய், செசியோடு ஒட்டியபடி போகும் இடத்தில் அரித்து ஒழுகியிருந்தது. குழாயைக் கழற்றிய மெக்கானிக், கையிலிருந்த சுத்தியலால் செசியைத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் மணி மாதிரிச் சத்தம் வந்தது. வலது பின் சில்லுக்குச் சற்றுப் பின்னால் தட்டியபோது பலகையில் தட்டியது போல ஒரு சத்தம். இன்னும் இரண்டு தட்டில் சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. பெருவிரல் அளவு ஓட்டை.

அப்பாவுக்கு அன்று முகம் செத்துவிட்டது என்று அம்மா சொல்வார். எஞ்சின் ஒயிலை நாள் தவறாமல் மாற்றியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊரில், கழற்றிய ஒவ்வொரு போல்டையும் ரின்னுக்குள் போட்டு வைத்துப் பழகிய தலைமுறை அது. அப்படிப்பட்டவர் கீழே குனிந்து பார்க்கவில்லை.

அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விற்கும்போது எங்களுக்குக் கைகொடுத்தது அந்த விபரங்கள்தான்.

முதலில், இற்ற பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்தார்கள். ஓட்டைக்கு மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டிவிடும் வழக்கம் இங்கே உண்டு. அது ஏமாற்று. மெலிந்த இரும்பில் வெல்டிங் பிடிக்காது, பிடித்தாலும் உள்ளே கறள் தொடரும். வெட்டிய இடத்தில் செசியின் தடிப்புக்குச் சமமான தகட்டை அளவாக வெட்டி, சுற்றிவரத் தொடர்ச்சியாக வெல்ட் செய்தார்கள். அதற்கு முன் பற்றரித் தொடர்பைக் கழற்றி, அருகிலிருந்த பிறேக் குழாய், டீசல் குழாய்களை அகற்றினார்கள். நல்லவேளையாக அந்த இடத்தில் அச்சைத் தாங்கும் பிடிகள் எதுவும் இல்லை. பிடிகள் இருக்கும் இடத்தில் இற்றிருந்தால் ஒட்டுப் போட்டுத் தான் தரமாட்டேன் என்று மெக்கானிக் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சுக்காகவே அப்பா அவரிடம் பிறகும் போனார்.

அடுத்தது மேற்பரப்புக் கறள். செசி முழுவதையும் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, நாலைந்து நாள் காயவிட்டார்கள். உப்பு குழிகளுக்குள் தங்கினால் மேலே என்ன பூசினாலும் அடியில் கறள் வளரும். பிறகு கிறைண்டரில் கம்பி பிரஷ்ஷைப் பூட்டி, பொருக்கு உதிரும் வரை தேய்த்தார்கள். உதிர்ந்த பொருக்கைக் கூட்டியபோது ஒரு வாளி நிறைய வந்தது. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கறளாக மாறும் இரும்பு பல மடங்கு ஊதிப் பெருக்கும். வாளி நிறையப் பொருக்கு என்றால் வாளி நிறைய இரும்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அதன்பின் கறளை மாற்றும் திரவம். கடைகளில் ரஸ்ட் கன்வேட்டர் என்று கேட்டால் தருவார்கள். பொதுவாகப் பொஸ்போரிக் அமிலம் கலந்தவையும், மரப்பட்டை, தேயிலை போன்றவற்றில் உள்ள தனின் வகை அமிலம் கலந்தவையும் கிடைக்கும். வாழைக்காய் வெட்டிய இரும்புக் கத்தி கறுத்துப்போவதைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். தனின் வகையின் வேலையும் அதுதான். செங்கறள் கறுப்பான, நிலையான ஒரு படையாக மாறும். ஆனால் இது மேலாக ஒட்டியிருக்கும் மெல்லிய கறளுக்கு மட்டும்தான். பொருக்கின் மேல் ஊற்றினால் பயனில்லை. அது காய்ந்ததும் சிங்க் பிறைமர், அதற்குமேல் செசி பெயின்ற் இரண்டு பூச்சு. கடைசியாக, நீட்டுச் சட்டங்களின் உள்ளே நீண்ட குழாயைவிட்டு மெழுகுக் கரைசலை விசிறினார்கள். அடைபட்டிருந்த வடிகால் துளைகளையும் திறந்துவிட்டார்கள்.

2021இல் ஒரு குறுக்குச் சட்டத்திலும், உடலைத் தாங்கும் ஒரு பிடியிலும் மறுபடி மேற்கறள் தெரிந்தது. அதே முறையில் திருத்தினோம். இறக்குமதித் தடைக்காலம் என்பதால் பெயின்ற் விலை முதல் தடவையைவிட எங்கேயோ போயிருந்தது. 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் அளந்து டீசல் தந்த காலத்தில் ஜீப் பெரும்பாலும் நின்றது. அப்போதும் அப்பா மாதம் ஒருமுறை அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்ப்பார்.

இங்கே ஒரு விடயம். பல சேர்விஸ் ஸ்ரேசன்களில் கழிவு ஒயிலை அடியில் விசிறிவிடுவார்கள். கறள் கொஞ்சம் தாமதப்படும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும், தூசு ஒட்டிப் பொருக்காகும். எல்லாவற்றையும்விட, அது சொட்டுவது நமது மண்ணில். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறுவது நேரே கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்த விவகாரம் நடந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இதை நாங்கள் காசு கொடுத்துச் செய்விக்கிறோம்.

தார் வாளி

தரகர் சொன்ன தார்ப் பூச்சு ஏன் கூடாது? நேர்மை ஒருபக்கம் இருக்கட்டும். சுத்தமான, காய்ந்த, பிறைமர் பூசிய இரும்பின்மேல் அண்டர்கோட் அடிப்பது நல்ல பாதுகாப்புத்தான். கறளின்மேல் அடிப்பதுதான் ஆபத்து. காலப்போக்கில் தார் இறுகி வெடிக்கும். வெடிப்பால் உள்ளே போகும் உப்புத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மேலே கறுப்பு அப்படியே இருக்க, அடியில் இரும்பு தின்னப்படும். எங்கள் ஜீப்புக்கு அவசரமாகத் தார் அடித்திருந்தால் வடிகால் துளைகளும் மூடுப்பட்டிருக்கும். எட்டு வருடப் பராமரிப்பை ஒரு பின்னேரத்தில் அழித்துவிட்டு அதற்கு ஏழு இலட்சம் கூடுதலாக வாங்கியிருப்போம்.

வாங்குபவர்கள் இதைக் கண்டுபிடிக்கலாம். இருபத்தைந்து வருட ஜீப்பின் அடிப்பக்கம் புதுக் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நகத்தால் அழுத்துங்கள், புதுத் தார் மெதுமையாக இருக்கும். போல்ட் தலைகள், ரப்பர் புஷ்கள், பிறேக் குழாய்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே கறுப்பு அடிபட்டிருந்தால் அது பாதுகாப்புக்காக அடித்ததல்ல. வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பாருங்கள். சிறு சுத்தியலால் செசி நெடுகத் தட்டுங்கள். பின் அச்சுக்கு மேலாகச் சட்டம் வளைந்து போகும் இடத்தையும், அச்சைத் தாங்கும் பிடிகள் ஒட்டியிருக்கும் இடத்தையும் இரண்டு தடவை தட்டுங்கள். தட்டவிடமாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுங்கள்.

தரகர் வந்துபோன மறுநாள் காலை அப்பா ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 2017இலிருந்து வந்த பில்கள் அனைத்தும் அதில் இருந்தன. தகடு வாங்கிய ரசீது, பெயின்ற் ரசீது, வெல்டிங் கூலி எழுதிய துண்டு. என் பழைய தொலைபேசியில் அந்த நாட்களில் எடுத்த படங்களும் கிடந்தன. வெட்டிய ஓட்டை, புதுத் தகடு, பிறைமர் பூசிய சாம்பல் நிறம். அப்போது சும்மா எடுத்தவை. திகதியோடு இருந்தன. வேறு ஒன்றும் அப்பா சொல்லவில்லை. நான் தரகருக்கு அழைத்து, தார் வேண்டாம் என்றேன். "உங்கட விருப்பம் தங்கச்சி" என்றார். முதல் தடவையாக என்னோடு பேசினார்.

விளம்பரத்தை மாற்றி எழுதினேன். "செசியில் 2017இல் ஒரு இடத்தில் வெட்டி வெல்டிங் செய்யப்பட்டது, 2021இல் மேற்கறள் திருத்தப்பட்டது, படங்களும் பில்களும் உண்டு, சுத்தியலோடு வந்து பார்க்கலாம்" என்று போட்டேன். அடிப்பக்கப் படங்கள் ஆறு சேர்த்தேன். அழைப்புகள் உடனே குறைந்தன.

சந்தை நிலைமையையும் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இங்கே பழைய வாகனம் என்பது தங்க நகை மாதிரி ஆகிவிட்டது. வாங்கிய விலையைவிடக் கூட விற்கும் பொருளானது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது விலை சரியும் என்று பலர் காத்திருந்தார்கள். வரிச்சுமை காரணமாகப் புதிதாக வருபவை பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில் நின்றன. அதனால் இப்படியான பழைய ஜீப்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. வயற்காணிக்கும் காட்டு வழிக்கும் போகிறவர்கள் இவற்றைத்தான் தேடுகிறார்கள். தேவை இருக்குமிடத்தில் தார் வாளியும் இருக்கும்.

முதலில் அழைத்தவர் செசி என்ற சொல்லைக் கேட்டதும் தொடர்பைத் துண்டித்தார். இரண்டாவதாக வந்தவர் படங்களைப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்போட்ட வாகனம்தானே" என்று 40 இலட்சம் கேட்டார். எங்கள் வெளிப்படைத்தன்மையை அவர் பேரம் பேசும் ஆயுதமாக எடுத்துக்கொண்டார். அது நடக்கும், அதற்குத் தயாராக இருக்கவேண்டும். எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை என்பதை முன்னமே முடிவெடுத்து வைத்திருந்தால் கோபம் வராது. எனக்கு வந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு கிளிநொச்சியிலிருந்து ஒருவர் வந்தார். வயல் செய்பவர், முப்பது வயதிருக்கும். கூடவே அவருடைய மாமா. மாமா முப்பது வருடம் லொறி கராஜ் வைத்திருந்தவராம். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டோர்ச், ஒரு சாக்கு. சாக்கை விரித்து அடியில் போனவர் முக்கால் மணித்தியாலம் வெளியே வரவில்லை. டங், டங் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் கூடுதல் நேரம் தட்டினார். அப்பா கதிரையில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்.

வெளியே வந்த மாமா கேட்டது ஒன்றுதான். "ஐயா, உள்ளுக்கு மெழுகு அடிச்சது ஆர்?"

அப்பா மெக்கானிக்கின் பெயரைச் சொன்னார். மாமா மருமகனைப் பார்த்து, "இதை எடு. தார் அடிச்சு வச்சிருந்தா நான் வேண்டாமெண்டு சொல்லியிருப்பன்" என்றார். பிறகு பேரம் நடந்தது. மாமா அதில் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐம்பதரை இலட்சத்தில் முடிந்தது. தரகர் சொன்ன 55க்கு நாலரை குறைவு. அவர் சொன்ன 48க்கு இரண்டரை கூட. தரகுக் காசும் இல்லை.

பத்திர வேலையில் மூன்று விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலான ஜப்பானிய ஜீப்களில் செசி இலக்கம் வலப்பக்க நீட்டுச் சட்டத்தில் குத்தப்பட்டிருக்கும். எந்தச் சில்லுக்கு அருகில் என்பது வகைக்கு வகை மாறும். கறள் தேய்க்கும்போது அந்த இடத்தில் கிறைண்டர் பட்டால் இலக்கம் அழிந்துவிடும், பிறகு திருட்டு வாகனம் என்ற சந்தேகம் வரும். பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் எவரும் காசு கொடுக்கக்கூடாது. எங்கள் ஜீப்பில் அந்த இடத்தை மட்டும் கையால் தேய்த்து, மெல்லிய பெயின்ற் பூசியிருந்தார்கள். மாமா கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி இலக்கத்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, திறந்த பத்திரம். விற்பவர் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் விபரத்தை வெறுமையாக விட்டுக் கொடுப்பதை இங்கே சாதாரணமாகக் கேட்கிறார்கள். வாகனம் கை மாறி மாறிப் போகும், பதிவில் உங்கள் பெயர் நிற்கும். விபத்து நடந்தாலும் வேறு ஏதாவது குற்றத்துக்குப் பயன்பட்டாலும் பொலிஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு. மோட்டார் வாகனச் சட்டப்படி, வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் பதிவு உரிமையாளர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். எம்.ரி.ஏ. 6 படிவம் விற்பவருடையது, எம்.ரி.ஏ. 8 படிவம் வாங்குபவருடையது. இரண்டையும் அன்றே எங்கள் விறாந்தையில் வைத்து நிரப்பினோம். அடையாள அட்டைப் பிரதிகளை மாற்றிக்கொண்டோம். பணம் வங்கி மாற்றலாக வந்து சேர்ந்த பிறகே திறப்பைக் கொடுத்தோம்.

மூன்றாவது, நாங்களாகச் செய்த ஒன்று. செசியில் எந்த இடத்தில், எந்த வருடம், என்ன வேலை நடந்தது, இப்போது எந்த இடங்களைக் கவனிக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்தோம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கும் நாடு இது. வாங்குபவர்தான் பார்த்து வாங்கவேண்டும் என்பதே அதன் பொதுவான நிலைப்பாடு. அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. தெரிந்துகொண்டே பொய் சொல்லி விற்றவர் அந்த நிலைப்பாட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒளியமுடியாது. அந்தத் தாள் வாங்கியவருக்கு எவ்வளவு பாதுகாப்போ அதைவிடக் கூடுதலாக எங்களுக்குப் பாதுகாப்பு. நாளைக்கு அந்த ஒட்டில் ஏதாவது நடந்தால், சொல்லவில்லை என்று ஒருவரும் சொல்லமுடியாது.

புறப்படும் நேரத்தில் அப்பா எழும்பி, ஜீப்பின் பக்கவாட்டைத் தடவியபடி பின்பக்கம் போனார். சேட் பையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் கம்பியை எடுத்தார். முனை கொஞ்சம் வளைத்திருந்தது. அந்தப் பொடியனைக் குனியச் சொல்லி, வடிகால் துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கண் தெரியாவிட்டாலும் விரல் நேரே துளைக்குப் போனது.

"மாரி முடிஞ்சோடன ஒருக்கா, சோளகம் முடிஞ்சோடன ஒருக்கா. இந்தக் கம்பிய விட்டுக் கிண்டிவிடுங்கோ தம்பி. உவர்த் தண்ணியில கழுவாதேங்கோ."

அவர் கம்பியை வாங்கி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்தார். மாமா அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.